மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் உதிர்த்த எழுத்துகள்

மேலக்கழி அரசு மேல்நிலைப் பள்ளியின் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் தன் முதல் எழுத்தை உதிர்த்தது ஆடி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை இரண்டாம் பீரியடில், உப்பளங்களைத் தாண்டி வந்த காற்று பள்ளி வராண்டாவில் மணலைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில். முந்தின நாள் மாரிக்கனி கேட்ட கேள்விதான் அதற்குக் காரணம் என்று ஊரில் பாதிப் பேர் சொன்னார்கள். பள்ளிக்கூடத்துக்கு வரும் கரண்டில் ஏதோ கோளாறு என்று மீதிப் பேர் சொன்னார்கள். கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் பிரகாசி டீச்சர் இரண்டையும் மறுக்கவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை.

டீச்சர் பதினோரு வருஷமாகப் பதினொன்றாம் வகுப்பின் முதல் பாடத்தை ஒரே மாதிரிதான் தொடங்கிவந்தார். உயிர்போன பழைய கம்ப்யூட்டர் ஒன்றின் பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதையெல்லாம் ஒரு துண்டின் மேல் பரப்பி, கையில் எடுத்துப் பாருங்க பிள்ளைகளா என்று சுற்றுக்கு விடுவார். பிள்ளைகள் ஒவ்வொன்றையும் வாங்கி, ஒரு பார்வை பார்த்து, அடுத்தவர் கையில் தள்ளிவிடுவார்கள். அந்த வருஷம் மட்டும் எல்லாப் பொருளும் இரண்டாவது பெஞ்சில் வந்து தேங்கி நின்றது, ஏனென்றால் அங்கே மாரிக்கனி இருந்தாள். அவள் பிறவியிலேயே பார்வை இல்லாதவள். பத்தாம் வகுப்பு வரை வெளியூர் விடுதிப் பள்ளி ஒன்றில் புள்ளி எழுத்தைத் தடவிப் படித்துவிட்டு, இனிமேல் அம்மாவோடுதான் இருப்பேன் என்று அடம்பிடித்து ஊருக்கு வந்து, கம்ப்யூட்டர் குரூப்தான் வேண்டும் என்று இன்னொரு அடம்பிடித்து அந்த வகுப்பில் சேர்ந்திருந்தாள்.

"இந்த மதர்போர்டு எங்க உப்பளம் மாதிரியே இருக்கு டீச்சர்," என்றாள் அவள், விரல்களை மெல்ல நகர்த்திக்கொண்டே. "பாத்தி பாத்தியா கட்டியிருக்கு, நடுவுல வாய்க்கால் ஓடுது. இந்தச் சீப்பு மாதிரி நிக்குதே, இது எதுக்கு?"

"சூட்டை வெளியே விடுறதுக்கு."

"இந்தத் தகடு?"

"அது நினைவகம். கரண்டு இருக்கிற வரைக்கும்தான் அதுக்கு ஞாபகம். போயிட்டா எல்லாத்தையும் மறந்துரும்."

அப்படியே ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்த பிறகு, டீச்சர் எழுந்து வகுப்புக்குப் பொதுவாகச் சொன்னார்: "இது எல்லாம் வன்பொருள். தொடலாம், கழற்றலாம், மாட்டலாம். இதுகளை வேலை வாங்குறது மென்பொருள். அதைத் தொட முடியாது. அது செய்யிற வேலையைத் திரையில பார்க்கத்தான் முடியும்."

"எனக்குப் பார்க்கவும் முடியாது, தொடவும் முடியாதுன்னா, அது இருக்குன்னு நான் எதை வச்சு டீச்சர் ஒத்துக்கிடுறது?" என்று மாரிக்கனி கேட்டாள். குறையாகக் கேட்கவில்லை, அந்தச் சீப்பு எதுக்கு என்று கேட்ட அதே குரலில்தான் கேட்டாள். பதினோரு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி அது என்று டீச்சருக்குத் தோன்றியது, அதற்குள் மணி அடித்துவிட்டது.

அன்றைக்கே தலைமை ஆசிரியர் தேவசகாயம் டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார். கெட்ட மனுஷர் இல்லை, காரியம் சிக்கலாகும் முன்பே முடித்துவிட வேண்டும் என்று நினைக்கிறவர். "அந்தப் பிள்ளைக்குத்தான் டீச்சர் கஷ்டம். திரையைப் பார்க்காம கம்ப்யூட்டரை எப்படிப் படிக்கும்? காலாண்டுப் பரிட்சைக்கு முன்னாடி வரலாறு குரூப்புக்கு மாத்திருவோம். பிள்ளையோட அம்மாவைக் கூப்பிட்டு ஃபாரத்துல ரேகை வாங்கியாச்சு," என்றார். திரையை வாசித்துச் சொல்கிற மென்பொருள் ஒன்று உண்டு சார் என்று டீச்சர் சொன்னதற்கு, நம்ம மெஷினுக்கு ஸ்பீக்கர் எங்கேம்மா இருக்கு என்று அவர் கேட்டார். அதுவும் நியாயம்தான், ஆண்டு விழாவுக்கு எடுத்துப்போன ஸ்பீக்கர்கள் திரும்பி வந்ததே இல்லை.

மறுநாள் மாரிக்கனி மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, விசைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று விரலுக்குப் பழக்கிக்கொண்டிருந்தாள். "இடது சுண்டுவிரலுக்குக் கீழே அ," என்று டீச்சர் சொல்ல, அவள் அழுத்தினாள். திரையில் தோன்றிய அ ஒரு நொடி அங்கே நின்றது, பிறகு கண்ணாடியின் அடி விளிம்பைத் தாண்டி, விசைப்பலகை மேல் டக்கென்று விழுந்து, உருண்டு அவள் கையில் முட்டியது. புளியங்கொட்டை நிறம், பட்டாணி அளவு, அப்போதுதான் அவித்து எடுத்த கடலையைப் போன்ற சூடு. மாரிக்கனி அதை எடுத்து இரண்டு கையாலும் தடவினாள். அதுவரை அவளுக்கு அ என்றால் புள்ளிகள்தான்.

"இத்தனை வளைவா இதுக்கு?" என்றாள். "ஒரு எழுத்துக்கு எதுக்கு டீச்சர் இவ்வளவு சுத்து?"

டீச்சர் அடுத்து ஆவை அழுத்தச் சொன்னார்.

மூன்றாம் நம்பரின் குணம் ஒரு வாரத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. எழுத்தின் அளவைத் திரையில் கூட்டினால் விழுகிற எழுத்தும் பெரிதாக விழும், தடித்த எழுத்து கனமாக விழும், சாய்வெழுத்து எங்கே வைத்தாலும் நிற்காமல் சாயும். இரண்டு சொல்லுக்கு நடுவில் விடுகிற இடைவெளிகூட விழத்தான் செய்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, விரலை நீட்டினால் யாரோ மெல்ல ஊதியது போலிருக்கும், அதை முதலில் கண்டுபிடித்தவள் மாரிக்கனி. பெரிய தொந்தரவு புள்ளிதான். மெய்யெழுத்தின் தலையில் ஒட்டாமல் தனியாக விழுந்து பெஞ்சுக்கு அடியில் ஓடிவிடும், மிச்சத்தை எறும்பு தூக்கிக்கொண்டு போய்விடும், முதல் நாள் சாயந்திரம் பெஞ்சில் அக்கா என்று கோத்து வைத்துப்போனது மறுநாள் காலையில் அககா என்று கிடக்கும்.

இரண்டாம் வாரத்தில் கரண்டு போனது. பிள்ளைகள் சேமித்து வைத்திருந்த பாடத்தின் எழுத்துகளெல்லாம் கிண்ணென்று அப்படியே இருக்க, சேமிக்காத எழுத்துகள் மட்டும் அவரவர் கையிலும் பையிலும் டிபன்பாக்ஸிலும் இருந்தபடியே பொலபொலவென்று உதிர்ந்து வெள்ளை உப்பாகிவிட்டன. ஒரு பையன் நாக்கில் வைத்துப் பார்த்து, நல்ல உப்புதான் டீச்சர் என்றான். அதற்கு முன்பு பதினோரு வருஷமும் அடிக்கடி சேமிங்க, அடிக்கடி சேமிங்க என்று தொண்டை வற்றக் கத்தியும் ஏறாத பாடம் அந்த ஒரே பீரியடில் முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் ஏறியது.

ஊருக்குச் சேதி போனபோது ஊர் ஆச்சரியப்பட்டு நிற்கவில்லை, என்ன வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்தது. சத்துணவு சமைக்கும் அம்மாள் ஆய்த எழுத்தைப் பெரிய அளவில் வாங்கிக்கொண்டுபோய் மூன்று புள்ளிகளையும் அடுப்புக் கல்லாக வைத்துச் சோறு வடித்தார், மீன்பிடிக்கப் போகிறவர்கள் வலையைத் தொங்கவிட வளைவு அதிகமுள்ள எழுத்தாகப் பார்த்து ஞ கேட்டார்கள், ஒரு கல்யாண வீட்டார் வாசலில் நிறுத்த மாப்பிள்ளை பெண் பெயரைத் தடித்த எழுத்தில் கேட்டுவிட்டு, மறக்காம சேமிச்சுக் குடுங்க டீச்சர், தாலி கட்டுற நேரம் கரண்டு போயிறப்போவுது என்றார்கள். பள்ளி மைதானத்தில் சிதறிய கமாக்களைக் கோழிகள் கொத்தித் தின்றன, அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. பங்குச் சாமியாரும் கோயில் பூசாரியும் ஒரே நாளில் வந்து, ஆளுக்கு ஓர் எழுத்தைக் கையில் எடுத்து எடைபார்த்து, இது நம்ம டிபார்ட்மெண்ட் இல்லை என்று இருவருமே சொல்லிவிட்டுப் போனார்கள்.

மாரிக்கனிக்கு மட்டும் திருப்தியில்லை. உயிர், மெய், உயிர்மெய் எல்லாவற்றையும் ஒரு மாதத்தில் கைக்குள் கொண்டுவந்துவிட்டாள், கண்ணால் படிக்கிற பிள்ளைகளே சந்தேகம் கேட்டு அவளிடம் வந்தார்கள், அப்படியும் ஒருநாள் எழுத்துகளை ஒதுக்கித் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "இது மென்பொருள் இல்லையே டீச்சர். நாம உள்ளே போடுறது, அதையே இது வெளியே போடுது. இதை வெளியே போடுன்னு மெஷினுக்குள்ள ஒண்ணு சொல்லுதுல்லா, அதுதானே மென்பொருள்? அது இன்னும் உள்ளேதான் இருக்கு."

அவள் சொன்னது சரி என்பது டீச்சருக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

ஆவணிக் கடைசியில் மாரிக்கனியின் அம்மா சண்முகக்கனி, உப்பள வேலையிலிருந்து நேராக, முழங்கால் வரை வெள்ளை பூத்த காலோடு வந்து வாசலில் நின்றாள். உள்ளே வாங்கம்மா என்று டீச்சர் கூப்பிட்டும் வரவில்லை. "நான் ரேகை வச்ச காயிதத்துல என்ன டீச்சர் எழுதியிருக்கு? பிள்ளை நல்லதுக்குன்னு சொன்னாங்க, வச்சேன். இப்போ ஊரே இவகிட்ட எழுத்துக் கேட்டு வருது. எனக்குச் சந்தேகமா இருக்கு," என்றாள்.

டீச்சர் ஃபாரத்தில் இருந்த வாசகத்தை அப்படியே மூன்றாம் நம்பரில் அடித்தார். கணினி கற்க இயலாது. எழுத்துகள் ஒவ்வொன்றாக விழ, மாரிக்கனி அவற்றைப் பொறுக்கி அம்மாவின் உள்ளங்கையில் வரிசையாக வைத்து, வெடித்துக் காய்ந்த அவள் கட்டைவிரலைப் பிடித்து ஒவ்வொன்றின் மேலும் நடத்திப் படித்துக் காட்டினாள்.

"இதுக்கா ரேகை வச்சேன்?" என்றாள் சண்முகக்கனி.

மாரிக்கனி கடைசி இரண்டு எழுத்தை எடுத்துவிட்டு, விசைப்பலகைக்குப் போய் வேறு இரண்டை விழவைத்துக் கொண்டுவந்து அங்கே வைத்தாள். "இப்போ இயலும்னு இருக்கு. ரெண்டே எழுத்துதாம்மா."

கழித்துப்போட்ட லாவையும் துவையும் சண்முகக்கனி முந்தானையில் முடிந்துகொண்டு, பாத்தியில போட்டு மிதிக்கேன் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். ஆனால் தலைமை ஆசிரியரின் பீரோவில் இருந்த ஃபாரத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. காலாண்டுப் பரிட்சைக்கு ஒன்பது நாள் இருந்தது.

அந்த ஒன்பதில் மூன்றாம் நாள், மாரிக்கனி தன் முதல் நிரலை எழுதினாள். உப்பு என்ற சொல்லைப் பத்து முறை காட்ட வேண்டும். அதற்காக ஓர் எண்ணிக்கையை ஒன்றில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் ஒன்று கூட்டிக்கொண்டே போய், பத்தைத் தாண்டியதும் நிறுத்த வேண்டும். சொல்ல எளிது. அவள் கட்டளைகளை அடித்து, விழுந்த எழுத்துகளை ஒருமுறை தடவிச் சரிபார்த்து, ஓட்டட்டுமா டீச்சர் என்று கேட்டாள். அப்போது டீச்சர் வேறொரு பிள்ளையின் பெஞ்சில் குனிந்திருந்தார், ஓட்டு என்றார்.

உப்பு, உப்பு, உப்பு என்று விழுந்தது. பத்து வரை பிள்ளைகள் சேர்ந்து எண்ணினார்கள். பதினொன்றாவது விழுந்ததும் சிரித்தார்கள். நூறைத் தாண்டியபோது கைதட்டினார்கள், பெஞ்சு மறைந்தபோது கத்தினார்கள், அதன் பிறகு எழுத்து விழுகிற ஓசை தகரக் கூரையில் மழை பெய்கிற ஓசையாகி ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காமல் போயிற்று. டீச்சர் பிள்ளைகளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து விட்டுக்கொண்டே இருந்தார், கடைசிப் பிள்ளை என்று நினைத்து வராண்டாவுக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது கதவு பாதிக்கு மேல் உகரமும் பகரமுமாக அடைத்திருந்தது.

"டீச்சர், மாரிக்கனி உள்ளே இருக்கா!" என்று ஒரு பெண் அலறினாள்.

தேவசகாயம் சார் செருப்பில்லாமல் ஓடிவந்தார். வந்த வேகத்தில் வராண்டாச் சுவரில் இருந்த மெயின் சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனார்.

"சார், கை வைக்காதீங்க! அது எதையும் சேமிக்கலை!" என்று டீச்சர் கத்தினார்.

அவர் கை அந்தரத்தில் நின்றது. அவரும் அந்த ஊர்க்காரர். எழுத்துக்கு நடுவில் சந்து இருக்கும், வளைவு இருக்கும், மூச்சு விடலாம். கரண்டை நிறுத்தினால் அந்த அறை முழுக்க ஒரே நொடியில் உப்பாகிவிடும், உப்பு அம்பாரம் சரிந்தால் அடியில் இருக்கிற ஆளுக்கு என்ன ஆகும் என்று மேலக்கழியில் யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் கையை இறக்கி, அந்தச் சுவிட்சை யாரும் தொட்டுவிடாதபடி அதன் முன்னால் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார்.

பிரகாசி டீச்சர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினார். இடுப்பளவு, பிறகு மார்பளவு. ஜன்னல்கள் அடைத்துப்போய் அறை இருட்டாக இருந்தது, திரையின் வெளிச்சம் எழுத்துக்குள் புதைந்து எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. எந்தப் பக்கம் கை நீட்டினாலும் வெதுவெதுவென்று எழுத்துதான் நழுவியது.

"டீச்சர், இடது பக்கம் சுவரைப் பிடிச்சு வாங்க," என்றது மாரிக்கனியின் குரல். கொஞ்சமும் பயப்படாத குரல். "அங்கே ஒரு ஸ்டூல் கிடக்கு, காலைப் பாத்து வைங்க. இன்னும் நாலு எட்டு. நில்லுங்க."

ஒரு கை டீச்சரின் கையைப் பிடித்துக் கீழே இழுத்து, விசைப்பலகைக்கு மேலே எதன் மீதோ கொண்டுபோய் வைத்தது.

"இதைப் பாருங்க. இது எழுத்து இல்ல."

டீச்சரின் விரலுக்கு அடியில் ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது. வளையல் அளவு, வளையலைவிடத் தடிமன், சூடு. அது நிற்காமல் சுற்றுவதும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் உப்பு கீழே விழுவதும் கைக்குத் தெரிந்தது. அதன் மேல் கணுக் கணுவாக இருந்தது: ஓரிடத்தில் தொடங்கு, ஓரிடத்தில் பத்தைத் தாண்டியாச்சா என்ற கேள்வி, ஓரிடத்தில் காட்டு. பதினோரு வருஷமாகக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு வரைந்து வரைந்து அழித்ததைப் பிரகாசி டீச்சர் முதல் தடவையாகத் தொட்டார்.

"இந்த இடத்துல மட்டும் வழவழன்னு இருக்கு, தெரியுதா டீச்சர்?" என்றாள் மாரிக்கனி. "எண்ணிக்கையைக் கூட்டுற வரி இங்கே இருக்கணும். நான்தான் எழுதாம விட்டுட்டேன். அதான் இது ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணுன்னே நினைச்சுக்கிட்டுச் சுத்துது. பாவம்."

"சரி, நிறுத்துட்டி!" என்றார் டீச்சர். எழுத்து கழுத்துக்கு வந்திருந்தது.

"ஒரே ஒரு சுத்து டீச்சர்."

அவள் விரலை வைத்து ஒரு முழுச் சுற்றும் கூடவே போய் வந்தாள். பிறகு இன்னொரு கையால் துழாவி, கண்ட்ரோல் விசையையும் சி விசையையும் சேர்த்து அழுத்தினாள். மழை நின்றது. டீச்சரின் விரலுக்கு அடியில் இருந்த வளையம் ஒருமுறை திணறி, நின்று, ஒன்றுமில்லாமல் போனது.

உப்பளத்துப் பெண்கள் உப்பு அள்ளும் ஓலைப் பெட்டிகளோடு வந்தார்கள், முன்னால் சண்முகக்கனி வந்தாள், அம்பாரத்தை அள்ளுகிற அதே வரிசையில் நின்று மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அறையை அள்ளி மைதானத்தில் குவித்துவிட்டார்கள். சண்முகக்கனி மகளின் தலையிலிருந்து நாலைந்து புள்ளிகளைத் தட்டிவிட்டாள்.

தேவசகாயம் சார் தரையில் மிச்சம் கிடந்த எழுத்துகளில் நடந்து உள்ளே வந்து, மூன்றாம் நம்பருக்கு எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்னம்மா தப்பு நடந்துச்சு? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு," என்றார்.

மாரிக்கனி சொன்னாள். அவருடைய கையைப் பிடித்து மேசையில் ஒரு வட்டம் வரைந்து, எங்கே தொடங்கும், எங்கே கேட்கும், எங்கே கூட்டும் என்று ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் காட்டிச் சொன்னாள். அவர் இரண்டு முறை குறுக்கே கேட்டார். இரண்டும் நல்ல கேள்விகள் என்று டீச்சர் நினைத்தார்.

"அப்போ அந்த வரியைச் சேர்த்து இன்னொரு தடவை ஓட்டிப் பாரேன்," என்றார் தேவசகாயம் சார்.

வாசலில் நின்ற பெண்கள் இரண்டு எட்டுப் பின்னால் போனார்கள். மாரிக்கனி வரியைச் சேர்த்தாள், சேமித்தாள், ஓட்டினாள். உப்பு விழுந்தது. சார் விரலை மடக்கி மடக்கி எண்ணினார். பத்தாவது விழுந்ததும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள், பதினொன்றாவது வரவில்லை. அவர் வாய்விட்டுச் சிரித்தார். பீரோவில் இருந்த ஃபாரம் என்ன ஆயிற்று என்று பிரகாசி டீச்சர் அதற்குப் பிறகு கேட்கவில்லை, சாரும் சொல்லவில்லை. காலாண்டுப் பரிட்சையில் கம்ப்யூட்டர் பாடத்துக்கு மாரிக்கனி வாய்விட்டுச் சொல்லச் சொல்ல எழுத ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையை அவரே ஏற்பாடு செய்தார்.

அந்தப் பத்தாவது உப்புதான் மூன்றாம் நம்பர் உதிர்த்த கடைசிச் சொல். மறுநாள் கரண்டு போய் மைதானத்துக் குவியல் உப்பாயிற்று. ஊர்க்காரர்கள் சட்டியில் அள்ளிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு மூன்றாம் நம்பரில் என்ன அடித்தாலும் திரையிலேயே நின்றது. ஒரு வாரம் ஊர் காத்திருந்தது, இரண்டாம் வாரம் அவரவர் வேலையைப் பார்க்கப் போனது.

காலாண்டு லீவு முடிந்த அன்று, அதன் பெட்டியைத் திறந்து பார்க்கலாமா டீச்சர் என்று மாரிக்கனி கேட்டாள். வகுப்பு முழுக்கச் சுற்றி நின்றது. அவளே திருகுகளைக் கழற்றினாள், அவளே பக்கத் தகட்டை எடுத்து வைத்தாள், பிறகு இரண்டு கையையும் உள்ளே விட்டு, அவசரப்படாமல், மூலை முடுக்கெல்லாம் தடவினாள். பாத்திகள், வாய்க்கால்கள், சீப்பு, தகடு, மின்சாரப் பெட்டி, வட்டு, ஒயர்கள், நிறைய தூசி.

"எல்லாம் இருக்க வேண்டிய இடத்துல இருக்கு," என்றாள் கடைசியில். "அந்தச் செத்த மெஷின்ல இருந்ததுதான் இதுலயும் இருக்கு. கூடுதலா ஒண்ணுமே இல்ல."

பிள்ளைகளுக்கு ஏமாற்றம். மாரிக்கனிக்கும் வருத்தமாக இருக்கும் என்று நினைத்து டீச்சர் அவள் தோளில் கை வைத்தார்.

"அப்போ இந்த மெஷினுக்குன்னு தனியா ஒரு விசேஷமும் கிடையாது, அப்படித்தானே டீச்சர்?" என்றாள் அவள். குரலில் வருத்தம் இல்லை, வேகம் இருந்தது. கையில் ஒட்டிய தூசியைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்து, பெஞ்சின் விளிம்பைத் தடவிக்கொண்டே நடந்து, நான்காம் நம்பரின் முன்னால் போய் உட்கார்ந்து, சுண்டுவிரல் தொடங்கி ஒவ்வொரு விரலையும் அதனதன் விசையில் வைத்தாள்.

"இதைப் போடுங்க டீச்சர்."

பிரகாசி டீச்சர் சுவிட்சைப் போட்டார்.